கிலுக்கு டப்பாவுக்குப் பத்து மார்க்

எங்கள் வீட்டுச் சுவர் அலமாரியின் கீழ்த்தட்டு சித்தப்பாவுடையது. அதில் இருந்த ஒரு பொருள்கூட யோக்கியமானதல்ல. எந்த இடத்தில் வெட்டினாலும் ஆர்ட்டின் ராணியே வரும் சீட்டுக்கட்டு, வயிற்றுக்குள் இன்னொரு தட்டை ஒளித்து வைத்திருக்கும் பிளாஸ்டிக் கிண்ணம், அறுத்த பிறகும் அறுபடாத கயிறு, ஆறு பக்கமும் ஆறு நிறம் பூசிய மரக்கட்டையும் அதற்கொரு மூடி போட்ட பெட்டியும். அம்மா அதற்குத் திருட்டுத் தட்டு என்று பெயர் வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை அலமாரியைத் துடைக்கும்போது அந்தத் தட்டை மட்டும் விட்டுவிடுவாள்.

சித்தப்பா அப்பாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர். ரயில்வே பட்டறையில் பிட்டர் வேலை பார்த்துக்கொண்டு பாலக்கரையில் எங்களோடுதான் இருந்தார். மற்ற பிட்டர்கள் சம்பளம் வாங்கியதும் சினிமாவுக்குப் போனார்கள். இவர் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் கார்டு எழுதிப் போட்டு வி.பி.பி. தபாலில் மேஜிக் சாமான் வரவழைத்தார். கைக்கு அடக்கமான வித்தைகள்தான் அவருக்குப் பிடிக்கும். மேடையில் பெண்ணை இரண்டாக அறுப்பதெல்லாம் நாடகம், எதிரில் ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்திருப்பவன் கண்ணைக் கட்டுவதுதான் வித்தை என்பார். ஒருமுறை பார்சலில் ஒரு பொய்க் கட்டைவிரல் வந்தது. நிஜ விரலில் மாட்டிக்கொண்டு அதற்குள் கைக்குட்டையை ஒளித்துக்கொள்ளலாம். ஆனால் அதன் நிறம் ரோஜாப்பூ நிறம். திருச்சி ஜில்லாவில் யாருக்கும் அப்படி ஒரு கட்டைவிரல் கிடையாது. சித்தப்பா அதை மூன்று நாள் டீ டிகாக்‌ஷனில் ஊறப்போட்டுப் பார்த்தார். அது வெளுக்கவும் இல்லை, கறுக்கவும் இல்லை. சமையலறையில் டம்ளருக்குள் மிதந்த விரலைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு அக்கா போட்ட கூச்சல்தான் அதனால் கண்ட பலன்.

இதையெல்லாம் நோட்டில் எழுதுவது என் வேலை. எனக்கு ஒன்பது வயது, கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும். எண்பது பக்கக் கோடு போட்ட நோட்டு. பொருளின் பெயர், எங்கிருந்து வந்தது, செய்நேர்த்தி எப்படி, யார் யார் ஏமாந்தார்கள், மார்க் எத்தனை என்று வரிசையாக எழுதுவேன். தான் சொல்லச் சொல்ல நான் எழுதுவதாகச் சித்தப்பா நினைத்துக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் என் அபிப்பிராயம்தான். ‘கட்டைவிரல்: வெள்ளைக்காரருக்கு மட்டும் உதவும்’ என்பது நான் எழுதியது. ‘கயிறு: நல்ல வித்தை, ஆனால் சித்தப்பாவுக்குக் கை வேர்க்கிறது’ என்பதும் நான் எழுதியதுதான். அதைப் படித்துவிட்டு அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் அந்த வரியை அடித்துவிடவும் இல்லை. விமர்சனம் என்றால் விமர்சனம்தான் என்று எனக்கு அப்போதே ஒரு திமிர் இருந்தது.

மார்க் போடுவது மட்டும் எங்கள் கையில் இல்லை. அது ஃபாதர் கையில்.

ஃபாதர் கல்லூரியில் கணக்குப் போதித்து ஓய்வு பெற்ற சாமியார். எங்கள் மாதா கோயிலை ஒட்டிய சாமியார் வீட்டில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் சைக்கிளை மிதித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார், முன்னறைப் பிரம்பு நாற்காலியில் உட்காருவார், காப்பி குடிப்பார், அந்த வாரத்து வித்தையைப் பார்ப்பார். மார்க் முறையை வகுத்தவரும் அவரே. எல்லா வித்தையும் பத்தில் தொடங்கும். அவர் ஒரு கேள்வி கேட்டால் ஒரு மார்க் குறையும். குட்டு உடைகிற வரைக்கும் கேட்டுக்கொண்டே போவார். நிறக்கட்டை வித்தையில், “கைய ஏம்ப்பா முதுகுக்குப் பின்னால கொண்டு போற?” என்று ஆரம்பித்து எட்டாவது கேள்வியில் பெட்டியை வாங்கிப் பிரித்துக் காட்டிவிட்டார். இரண்டு மார்க். சீட்டுக்கட்டுக்கு ஒன்று. கிண்ணத்துக்கு மூன்று. கேள்வியே கேட்க முடியாத வித்தை ஒன்று வந்தால் அதுதான் பத்து என்பது அவர் கணக்கு. அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் சாக வேண்டும் என்று சிரித்துக்கொண்டே சொல்வார், ஆனால் அதை அவர் விளையாட்டாகச் சொன்னதாக எனக்குத் தோன்றியதில்லை.

சித்தப்பாவுக்கோ அந்தப் பத்து ஒரு வெறியாகவே ஆகிவிட்டது. காரணம் பழையது. அவர் பி.யு.சி. படித்தபோது கணக்கு வாத்தியார் இதே ஃபாதர்தான். சித்தப்பா கணக்கில் தேறவில்லை, படிப்பு அதோடு நின்று பட்டறைக்குப் போனார். ஃபாதர்மேல் அவருக்குக் கோபம் ஒன்றும் இல்லை. மரியாதைதான். ஆனால் ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பாவிடம் அவர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. “அந்த மனுசன் ஒரே ஒரு தடவை என் பேப்பர்ல சிவப்பு மை படாம விடணும்ண்ணே. அது போதும்.” அப்பா அவர் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினார்.

கிலுக்கு டப்பா எங்களுக்குக் கிடைத்தது ஸ்ரீரங்கத்தில். ஊரை வெள்ளம் சூழ்ந்து வடிந்ததற்கு மறு வருஷம் என்று நினைக்கிறேன், ஏகாதசித் திருநாள் கூட்டம். நமக்கு அங்கே என்ன வேலை என்று அம்மா கேட்டதற்கு, சாமி பார்க்கவா போகிறேன், கடை பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு என்னையும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப் போனார் சித்தப்பா. அப்போது ராஜகோபுரம் எழும்பவில்லை, மொட்டைக் கோபுரம்தான். அதைத் தாண்டி வளையல் கடைக்கும் பேரீச்சம்பழக் கடைக்கும் நடுவில் ஒரு ஆள் துணி விரித்து உட்கார்ந்திருந்தான். சோப்புப் பெட்டி அளவில் ஒரு மர டப்பா. கூட்டத்தில் ஒருவரிடம் மோதிரம் வாங்கி உள்ளே போட்டான், மூடினான், ஆட்டினான். கிலுகிலுவென்று சத்தம் கேட்டது. திறந்தால் காலி. மோதிரம் கொடுத்தவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. சித்தப்பா சிரிக்கவில்லை. வாயைத் திறந்தபடி நின்றார்.

வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தோம். டப்பாவின் ஒரு ஓரத்தில் மெல்லிய சந்து. சாய்த்தால் உள்ளே போட்டது உள்ளங்கைக்கு நழுவி வந்துவிடும். அடிப்பலகைக்குள் ஒரு ஈயக்குண்டு அடைபட்டிருந்தது. கிலுகிலு என்றது அந்தக் குண்டுதான். பொருள் கைக்கு வந்து வெகு நேரம் ஆன பிறகும் உள்ளேயே இருப்பதாகக் காது சத்தியம் செய்யும். ‘செய்நேர்த்தி சுமார், யோசனை பிரமாதம்’ என்று எழுதினேன். அந்தச் சுமாரைச் சித்தப்பா ஏற்றுக்கொண்டார். பட்டறையில் சாப்பாட்டு நேரங்களில் உட்கார்ந்து தானே ஒரு டப்பா இழைத்தார். சந்து இருக்கும் இடம் தெரியாதபடி மரத்தின் ரேகையோடு ரேகை சேர்த்திருந்தார். சைக்கிள் சாவி போகிற அளவு. ஃபாதரின் சைக்கிள் சாவி.

காணாமல் போனால் மட்டும் போதாது, போனது எங்காவது முளைக்க வேண்டும் என்றார் சித்தப்பா. அதற்கு நான் வேண்டியிருந்தது. திட்டம் இதுதான். ஃபாதர் சாவியை டப்பாவில் போடுவார். சித்தப்பா மூடிச் சாய்ப்பார், சாவி அவர் கைக்கு வரும். அந்த நேரம் பார்த்து நான் தட்டில் காப்பி கொண்டு வருவேன். முதலில் ஃபாதர் எடுத்துக்கொள்வார். அடுத்துச் சித்தப்பா தன் டபராவை எடுக்கும் சாக்கில் சாவியைத் தட்டில் விட்டுவிடுவார். நான் தட்டோடு உள்ளே போய், கொல்லைப்பக்கமாக ஓடி, பக்கத்துச் சந்து வழியாக வாசலுக்கு வந்து, அங்கே நிற்கும் சைக்கிளின் பூட்டில் சாவியைச் செருகிவிட வேண்டும். உள்ளே அவர் டப்பாவை ஆட்டிக்கொண்டே இருப்பார்.

வியாழக்கிழமை அம்மாவின் பீரோ சாவியை வைத்து ஒத்திகை பார்த்தோம். சாவி டப்பாவிலிருந்து மறைந்து பீரோவிலேயே தொங்கியது. அம்மா அசந்து போனாள். பிறகு திரும்பி வந்து என் தாடையைப் பிடித்துக்கொண்டு, “நெசமாச் சொல்லுடி, நீதானே கொண்டு போய் வச்சே?” என்றாள். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று சித்தப்பா சொல்லியிருந்தார். நான் யோசிக்கவே இல்லை. “மாதா சத்தியமா நான் தொடலம்மா” என்றேன். அம்மா உடனே கையை எடுத்துவிட்டாள். மாதாவின் பெயரைச் சொன்ன பிறகு எங்கள் வீட்டில் மேல்விசாரணை கிடையாது.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. கோயிலில் முதல் தடவையாக நற்கருணை, அதாவது புதுநன்மை, வாங்கி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது, ஞானோபதேச வகுப்பில் படித்ததெல்லாம் ஈரம் காயாமல் இருந்தது. பொய் அற்பப் பாவம். பொய்ச் சத்தியம், அதுவும் மாதா பெயரில், சாவான பாவமாகத்தான் இருக்க வேண்டும் என்று நானே முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் செத்துப்போனால் நேரே நரகம். வெள்ளிக்கிழமை முழுக்கச் சாலையைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் மூன்று மூன்று தடவை பார்த்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்கும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். மரக்கூண்டுக்கு முன்னால் முழங்காலிட்டு, ஓட்டை போட்ட தகட்டில் வாயை வைத்ததும் உள்ளே யாரோ தொண்டையைச் செருமினார்கள். பங்குச் சாமியார் இல்லை. அந்தச் செருமலை நான் ஞாயிறுதோறும் கேட்டிருக்கிறேன்.

எழுந்து ஓடியிருக்கலாம். ஆனால் எனக்குப் பயம் வரவில்லை. வகுப்பில் சிஸ்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். “கூண்டுக்குள்ள சொன்னது கூண்டோட போச்சு. சாமியார் அங்கேயே மறந்துடுவாரு. கழுத்த அறுத்தாலும் அவரு வாயில வராது.” மறந்துவிடுவார் என்றால் மறந்துவிடுவார். சிலேட்டை எச்சில் தொட்டு அழிப்பதுபோல அவர் மண்டையிலிருந்து அது போய்விடும் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். மாதா பெயரில் பொய்ச் சத்தியம் செய்தேன் என்று சொன்னேன்.

“எதுக்கும்மா?” என்றார் ஃபாதர்.

கேள்வி கேட்பது அவர் சுபாவம், என்ன செய்வது. பாவத்தை அதன் சந்தர்ப்பத்தோடு முழுவதும் சொல்ல வேண்டும், கொஞ்சம் மறைத்தாலும் மொத்தமும் செல்லாது என்பதும் சிஸ்டர் சொல்லிக் கொடுத்ததுதான். அதனால் சொன்னேன். டப்பாவைச் சொன்னேன், அதன் ஓரத்துச் சந்தைச் சொன்னேன், ஈயக்குண்டைச் சொன்னேன். உள்ளேயிருந்து, “போதும்மா, பாவத்த மட்டும் சொன்னாப் போதும்” என்று அவசரமாகக் குரல் வந்தது. “இன்னும் இருக்கு சாமி” என்றேன். காப்பித் தட்டு, கொல்லைப்பக்கம், நாளைக்கு வாசலில் நிற்கப் போகும் சைக்கிள் வரைக்கும் ஒன்று விடாமல் ஒப்பித்தேன். இத்தனை நாள் நோட்டு எழுதிய பழக்கம், விவரம் விட்டுப்போகாது. நான் முடித்து ரொம்ப நேரம் கழித்துத்தான் ஃபாதர் ஐந்து ‘அருள் நிறைந்த மரியே’ செபம் சொல்லச் சொல்லிப் பாவப்பொறுத்தல் கொடுத்தார். பறக்காத குறையாக வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வழக்கம்போல வந்தார். சைக்கிளை வாசலில் பூட்டினார், சாவியைப் பையில் போட்டுக்கொண்டார், நாற்காலியில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்து வழக்கம்போல, “என்னம்மா, ஸ்கூல் எப்படிப் போவுது?” என்றார். நான் அவர் முகத்தை ஆராய்ந்தேன். ஒரு சுவடும் இல்லை. அழிந்துதான் போயிருக்கிறது என்று நிம்மதியாக அடுக்களைக்குப் போனேன்.

சித்தப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கை வேர்க்காமல் இருக்க முகப்பவுடர் பூசியிருந்தார். சாவி கேட்டார், ஃபாதர் கொடுத்தார். எந்த டப்பாவையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்க்கும் மனிதர் அன்று பார்க்கவில்லை. சாவி உள்ளே போனது. நான் தட்டோடு வந்தேன். ஃபாதர் காப்பியை எடுத்துக்கொண்டார். சித்தப்பா தன் டபராவை எடுத்தபோது பவுடர் பூசிய விரல் வழுக்கி, சாவி தட்டில் டங்கென்று விழுந்தது. டபரா பட்ட சத்தம் என்றும் சொல்லலாம், சாவி பட்ட சத்தம் என்றும் சொல்லலாம். சாதாரண நாளாக இருந்தால், “அது என்னப்பா சத்தம்?” என்ற கேள்வி அந்த நொடியே வந்திருக்கும். சித்தப்பாவும் அதைத்தான் எதிர்பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார். ஃபாதர் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

நான் ஓடினேன். கொல்லை, சந்து, வாசல், பூட்டு. திரும்பி வந்து கதவோரம் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றபோது சித்தப்பா இன்னமும் கிலுகிலுவென்று ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு திறந்து காட்டினார். காலி.

“கேளுங்க ஃபாதர்” என்றார்.

ஃபாதர் காலி டப்பாவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருமுறை வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். வாசலுக்குக் கூட்டிப் போய்ப் பூட்டில் தொங்கும் சாவியைக் காட்டியபோதும் அதே மௌனம்தான். அப்பா, அம்மா, சித்தப்பா எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் சைக்கிள் சீட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு, “இன்னைக்கு எங்கிட்ட கேள்வி ஒண்ணும் இல்லப்பா” என்றார்.

முறைப்படி பத்து. நான் நோட்டை எடுத்து வந்து பெரிதாக எழுதினேன். சித்தப்பா குதிப்பார், கத்துவார் என்று நினைத்தேன். அவரோ கிணற்றடிக்குப் போய் ரொம்ப நேரம் முகம் கழுவினார். சாயங்காலம் என்னைச் சைக்கிளில் முன்னால் உட்கார வைத்துத் தெப்பக்குளம் கூட்டிப் போய் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். வழியெல்லாம் பாட்டு. மன்னார்புரத்தில் இருந்த தன் சிநேகிதர் வீடுவரை போய் விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் திரும்பினார். அவ்வளவு சந்தோஷமாக அவரை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. அடுத்த வருஷம் அவர் கல்யாணத்தன்று பார்த்தபோதுகூட இவ்வளவு இல்லை.

எனக்கு ஆச்சரியம் வேறு. அன்று ராத்திரி நோட்டின் கடைசிப் பக்கத்தில், சித்தப்பா பார்க்காத இடமாகப் பார்த்து, நான் ஒரு விமர்சனம் எழுதினேன். பொருள், கோயிலில் உள்ள மரக்கூண்டு. செய்நேர்த்தி, பழசு, கரையான் அரித்திருக்கிறது. மறைவது, சாமியாரின் ஞாபகம். நானே நேரில் சோதித்தேன், முழுவதும் மறைந்துவிட்டது. எப்படி என்று தெரியவில்லை. பத்து மார்க்.

பல வருஷம் கழித்து, என் கல்யாணத்துக்கு முந்தைய நாள் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே இருந்த இளம் சாமியாருக்கு ஜலதோஷம், தும்மிக்கொண்டே இருந்தார். பாவம், இதற்குள் எத்தனை பேர் கதையைக் கேட்டுத் தலையில் ஏற்றிக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். அப்படி நினைத்த மாத்திரத்தில்தான் எனக்கு உறைத்தது. சாமியார்கள் மறப்பதில்லை. நம்மைப்போல அவர்களுக்கும் எல்லாம் ஞாபகம் இருக்கும். சொல்லக்கூடாது, காட்டிக்கொள்ளக்கூடாது, அதை வைத்து ஒரு காரியமும் செய்யக்கூடாது, அவ்வளவுதான். ஃபாதர் இறந்து அப்போது நான்கு வருஷம் ஆகியிருந்தது. வரிசையில் நின்றபடியே எனக்கு அழுகை வந்துவிட்டது. கல்யாணப்பெண் அழுகிறாள் என்று பின்னால் நின்ற அத்தை முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

உண்மையில் மறந்திருந்தால் அவர் கேட்டிருப்பார். டப்பாவைக் கொடு என்றிருப்பார், அது என்ன சத்தம் என்றிருப்பார், பிள்ளை ஏன் மூச்சு வாங்குகிறாள் என்றிருப்பார். எல்லாம் ஞாபகம் இருந்ததால்தான் ஒன்றையும் கேட்க முடியவில்லை. நாக்கு நுனிக்கு வந்த கேள்வி தன் கண்ணும் காதும் கொடுத்ததா, முந்தின நாள் தகட்டுக்கு அந்தப் பக்கம் நான் கொடுத்ததா என்று அவரால் பிரிக்க முடிந்திருக்காது. வராமல் இருந்துவிடவும் முடியாது, அதுவே காட்டிக்கொடுத்ததாகிவிடும். சாவதற்குள் பார்க்க ஆசைப்பட்ட ஒரே வித்தையை ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்தி பார்க்க முடியாமல் செய்துவிட்டதைத் தெரிந்துகொண்டே அவர் வந்து உட்கார்ந்திருந்தார். இதைச் சித்தப்பாவிடம் நான் இதுவரை சொல்லவில்லை. அவர் பேரன் பேத்திகளுக்கு அந்தப் பத்து மார்க் கதை மனப்பாடம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் சைக்கிளில் ஏறும்போது நான் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “போயிட்டு வரேம்மா” என்றார், முகத்தில் சிரிப்பு இருந்தது. பாவம், வயசாகிவிட்டது, ஒன்றுமே ஞாபகம் இல்லை என்று நினைத்துக்கொண்டு காப்பி டம்ளர்களைக் கழுவப் போனேன்.